கனரக லாரியின் தானியங்கி கியர்பாக்ஸ் சூடேறினால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

கனரக லாரியில் தானியங்கி கியர்பாக்ஸ் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது. கியர்பாக்ஸுக்குள் வழக்கத்தைவிட அதிகமாக வெப்பம் உண்டாகிறது. இல்லையேல், வழக்கமாக உண்டாகும் வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய கூலர் அமைப்பு தன் வேலையைச் செய்யவில்லை. இவற்றில் எது என்று தீர்மானிக்காமலேயே பெரிய கூலர் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுவதுதான் பலரும் முதலில் செய்யும் காரியம். உள்ளே வழுக்கிக்கொண்டிருக்கும் கிளட்சுக்கு வெளியே பெரிய கூலர் வைத்தால் மீட்டர் முள் இறங்குமே தவிர, கிளட்ச் தகடு தேய்வது நிற்காது. கடைசியில் கூலருக்கும் செலவாகும், கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டுவதற்கும் செலவாகும்.

கீழே வரும் சோதனைகள் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் வரிசையிலேயே சொல்லப்படுகின்றன. இவை அலிசன் நிறுவனத்தின் 3000, 4000 வரிசைகளைப் போல டார்க் கன்வர்ட்டர் உள்ள கியர்பாக்ஸ்களுக்கு உரியவை. சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் கணினி இயக்கும் ஏஎம்டி வகையில் பெரும்பாலும் கன்வர்ட்டர் இருப்பதில்லை என்பதால், அதில் வரும் சூட்டுக் கோளாறை வேறு வழியில்தான் அணுக வேண்டும்.

வெப்பம் எங்கே பிறக்கிறது

டார்க் கன்வர்ட்டரில் எஞ்சின் சுழற்றும் பகுதிக்கும் கியர்பாக்ஸைச் சுழற்றும் டர்பைனுக்கும் இடையே நேரடிப் பிணைப்பு கிடையாது; ஆயிலே திறனைக் கடத்துகிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்வரை, கடத்தப்படாமல் போகும் திறன் முழுவதும் ஆயிலில் வெப்பமாக இறங்கும். லாக்-அப் கிளட்ச் பிடித்தவுடன் இரண்டும் ஒன்றாகச் சுழலத் தொடங்கி, அந்த வெப்பம் ஏறக்குறைய நின்றுவிடும். லோடு லாரி மேட்டில் ஊர்ந்து ஏறும்போது முள் ஏறுவதும், சமவெளியில் சீராக ஓடத் தொடங்கியதும் அது இறங்குவதும் இதனால்தான்.

சக்கரம் அசையாமல் எஞ்சின் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும் நிலையில் எஞ்சின் கொடுக்கும் திறன் அத்தனையும் வெப்பமாகிறது. 20 லிட்டர் ஆயிலின் எடை சுமார் 17 கிலோ; அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 34 கிலோஜூல் போதும். 100 கிலோவாட் திறன் அதில் இறங்கினால் ஒவ்வொரு வினாடியும் ஆயில் 3 டிகிரி வரை ஏறும். சுற்றியுள்ள இரும்பும் கூலரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும் என்றாலும், சேற்றில் புதைந்த லாரியை அரை நிமிடம் ஆக்சிலேட்டரை மிதித்து வெளியே எடுக்க முயல்வது ஒரு நாள் முழுவதும் ஓடியதைவிட அதிகக் கேட்டை ஆயிலுக்கு விளைவிக்கலாம் என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரியும்.

இது தவிர, தேய்ந்த கிளட்ச் தகடுகள் வழுக்குவதாலும், அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலைக் கியர்கள் கடைவதாலும், இறக்கத்தில் ஆயிலின் தடையால் வண்டியின் வேகத்தைக் குறைக்கும் ஹைட்ராலிக் ரிடார்டர் வேலை செய்வதாலும் வெப்பம் பிறக்கும். ரிடார்டரின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரியது. 25 டன் எடையுள்ள லாரி 6 சதவீத இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக இறங்கும்போது, அதைத் தடுத்து நிறுத்தி வைக்கச் சுமார் 120 கிலோவாட் தேவைப்படுகிறது. அந்த வேலையில் பெரும்பகுதியை ரிடார்டரே செய்தால் அத்தனை வெப்பமும் ஆயில் வழியாகவே வெளியேற வேண்டும்.

எந்த அளவு வரை தாங்கும்

சாதாரண ஓட்டத்தில் ஆயில் 70 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. அலிசனின் கனரக வரிசைகளில் அடித்தொட்டியில், அதாவது சம்பில், 121 டிகிரியும், கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் 149 டிகிரியும், ரிடார்டரிலிருந்து வெளிவரும் இடத்தில் சுமார் 165 டிகிரியும் உச்ச வரம்புகளாகக் கொள்ளப்படுகின்றன. இவை சிறிது நேரம் தாங்கக்கூடிய வரம்புகளே. அந்தச் சூட்டிலேயே தொடர்ந்து ஓட்டலாம் என்பது இவற்றின் பொருளன்று.

ஆகவே உங்கள் மீட்டர் எந்த இடத்துச் சூட்டைக் காட்டுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கூலருக்குப் போகும் குழாயில் சென்சார் இருந்தால் ஒரு சிறு மேட்டிலேயே முள் விருட்டென்று ஏறி இறங்கும். அதில் 130 டிகிரியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. சம்பில் இருக்கும் சென்சார் மெதுவாகத்தான் அசையும். அதில் 130 என்றால் வண்டியை உடனே ஓரங்கட்ட வேண்டும்.

80 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. 115 டிகிரியைத் தாண்டினால் ஆயில் வார்னிஷ் போலப் படியத் தொடங்கும் என்றும், 127 டிகிரிக்கு மேல் ரப்பர் சீல்கள் இறுகும் என்றும், 146 டிகிரியை நெருங்கும்போது கிளட்ச் தகடுகள் வழுக்கும் என்றும் சொல்வார்கள். சின்தெடிக் ஆயில் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். சீல் இறுகினால் அழுத்தம் கசியும். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் வழுக்கும். வழுக்கினால் சூடு மேலும் ஏறும். ஒருமுறை நன்றாகச் சூடேறிய கியர்பாக்ஸ் அடுத்தடுத்து எளிதாகச் சூடேறுவதற்கு இந்தச் சுழற்சியே காரணம்.

வழியில் விளக்கு எரிந்தால்

எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பாதுகாப்பான சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை உடனே அணைத்துவிடாதீர்கள். ஆயிலைக் கூலருக்குத் தள்ளும் பம்ப் எஞ்சினால் சுழல்கிறது. எஞ்சின் நின்றால் கொதிக்கும் ஆயில் உள்ளேயே தேங்கிவிடும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை 1200 முதல் 1500 ஆர்பிஎம் வேகத்தில் வைத்திருங்கள். பார்க் நிலை உள்ள வண்டியானாலும் நியூட்ரலையே தேர்ந்தெடுப்பது நல்லது. சில கியர்பாக்ஸ்களில் பார்க் நிலையில் கூலருக்கு ஆயில் ஓட்டம் இருக்காது.

அடுத்த இரண்டு மூன்று நிமிடங்களில் நடப்பதை உன்னிப்பாகக் கவனியுங்கள். பின்னர் எந்தப் பணிமனைக்குப் போனாலும் இதைவிடப் பயனுள்ள தகவல் கிடைப்பது அரிது. முள் தெளிவாக இறங்கினால் கூலரில் ஆயில் ஓடுகிறது, வெப்பமும் வெளியேறுகிறது என்று பொருள். சூடு லோடாலோ ஓட்டிய விதத்தாலோ உள்ளே வழுக்கலாலோ வந்திருக்கலாம். முள் அசையாமல் நின்றால் கூலரிலோ அதன் குழாய்களிலோ அடைப்பு, அல்லது கன்வர்ட்டருக்குள் ஆயில் ஓட்டத்தைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் என்ற பாகம் இறுகிக்கொண்டிருப்பது ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் கூலன்ட் மீட்டரும் சேர்ந்து மேலே நின்றால் ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் ஆகியவற்றின் பக்கம்தான் பார்வை போக வேண்டும். அப்போது கியர்பாக்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை.

எஞ்சினை ஓடவிடும் இந்த முறைக்கு ஒரு விலக்கு உண்டு. வண்டிக்கு அடியில் ஆயில் ஒழுகினாலோ, புகை வந்தாலோ, கருகிய வாடை கடுமையாக அடித்தாலோ எஞ்சினை அப்போதே அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். சூடான ஆயில் எக்ஸாஸ்ட் குழாயிலோ டர்போவிலோ பட்டால் தீப்பிடிக்கும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும், கியர்பாக்ஸ் உடலின் மேல் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. முன்னது உடலைச் சுடும், பின்னது அலுமினிய உறையில் விரிசலை உண்டாக்கக்கூடும்.

முதல் சோதனை: ஆயில் அளவும் நிலையும்

மற்றெல்லாவற்றுக்கும் முன் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை இது. ஆனால் தவறாகச் செய்யப்படுவதும் இதுவே. எஞ்சின் அணைந்தபின் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் இருக்கும் ஆயில் சம்புக்குள் இறங்கி அளவை ஏற்றிக் காட்டும். குளிர்ந்த ஆயில் சூடானதும் விரிவடைந்து உயரும். எனவே வண்டி சமதளத்தில் நின்று, ஆயில் ஓட்டச் சூட்டை அடைந்து, எஞ்சின் ஐடிலில் ஓட, தயாரிப்பாளர் சொல்லும் நிலையில், பெரும்பாலான கனரக வண்டிகளில் நியூட்ரலில், பார்க்கும் அளவே சரியான அளவு. டிப் ஸ்டிக்கில் குளிர்நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனிக் கோடுகள் இருக்கும். குளிர்நிலைக் கோடு வண்டியை எடுக்கலாமா என்று தீர்மானிக்க மட்டுமே. சூடான நிலைக் கோட்டை வைத்துத்தான் ஆயிலைச் சேர்க்கவோ குறைக்கவோ வேண்டும்.

ஆயில் அளவைத் தானே காட்டும் சென்சார் உள்ள அலிசன் வண்டிகளில், நியூட்ரலில் நிறுத்தி, புஷ் பட்டன் செலக்டரின் மேல் அம்பையும் கீழ் அம்பையும் ஒருசேர அழுத்தினால், சுமார் இரண்டு நிமிடக் காத்திருப்புக்குப் பின் அளவு சரியா, எத்தனை குவார்ட் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) குறைவு அல்லது அதிகம் என்பது திரையில் வரும். ஆயில் 60 டிகிரிக்குக் கீழோ 104 டிகிரிக்கு மேலோ இருந்தால் கணினி அளவைக் காட்டாது. ஆகவே கொதிக்கும் வண்டியில் இதைச் செய்து பார்த்துவிட்டுச் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அழுத்தம் தடுமாறி கிளட்ச் வழுக்கும். அளவு கூடியிருந்தாலும் விளைவு ஏறக்குறைய அதுவே: சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, காற்றுப்போக்கியான ப்ரீதர் வழியே ஆயில் பொங்கி வெளியேறும். ‘கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே’ என்று ஊற்றும் பழக்கம் எஞ்சின் ஆயிலிலேயே நல்லதன்று. தானியங்கி கியர்பாக்ஸில் அது நேரடியாகச் சூட்டுக் கோளாறாக வந்து நிற்கும்.

டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலில் சில சொட்டுகளை வெள்ளைக் காகிதத்தில் விட்டுச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். நல்ல ஆயில் சீராகப் பரவும். சொட்டின் நடுவில் கறுப்புத் துகள் வட்டமாகத் தங்கினால் அது கிளட்ச் தகட்டின் உராய்வுப் பொருள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது மினுமினுப்புத் தெரிந்தால் உலோகத் தூள். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் சில ஆயில்கள் கேடில்லாமலேயே விரைவில் கறுத்துவிடும். கருகிய வாடையும் துகளும் சேர்ந்து இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு நுரை தெரிந்தால் கூலருக்குள் கூலன்ட் கசிந்து ஆயிலுடன் கலந்திருக்கிறது. கூலன்ட்டில் உள்ள கிளைகால் உராய்வுத் தகடுகளை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைத்துவிடும் என்பதால், அந்த வண்டியை அதற்கு மேல் ஓரடிகூட ஓட்டக் கூடாது.

மீட்டர் உண்மை சொல்கிறதா

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. வண்டி இரவு முழுவதும் நின்றபின், காலையில் எஞ்சினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் போட்டு, கியர்பாக்ஸ் ஆயில், எஞ்சின் கூலன்ட், வெளிக்காற்று ஆகிய மூன்றின் சூட்டு அளவுகளையும், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் மட்டும் பல டிகிரி விலகியிருந்தால் சென்சாரிலோ வயரிங்கிலோ கோளாறு. ஓட்டத்தின்போது அளவு ஒரே நொடியில் முப்பது நாற்பது டிகிரி தாவினாலும் அப்படியே; சம்பில் உள்ள ஆயில் அத்தனை வேகமாகச் சூடேறாது. கணினி காட்டும் பொதுவான பிழைக் குறியீடுகளில் பி0218 என்பது ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறியதையும், பி0711 என்பது சூட்டு சென்சாரின் அளவில் கோளாறு இருப்பதையும், பி0741 என்பது லாக்-அப் கிளட்ச் பிடிக்காததையும் குறிக்கும். சூட்டுக் குறியீட்டுடன் பி0741-உம் சேர்ந்து வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

கூலர் பக்கத்துச் சோதனைகள்

கனரக லாரிகளில் ஆயில் பெரும்பாலும் கூலன்ட்டால் குளிர்விக்கப்படுகிறது. சிலவற்றில் காற்றால் குளிரும் கூலர் தனியாகவோ கூடுதலாகவோ இருக்கும். கூலன்ட்டால் குளிரும் அமைப்பில் ஆயில் ஒருபோதும் கூலன்ட்டைவிடக் கீழே இறங்காது. கூலன்ட் 90 டிகிரியில் ஓடும் வண்டியில் ஆயில் 95-இல் நிற்பதைக் கோளாறு என்று எண்ணிச் செலவு செய்பவர்கள் உண்டு.

காற்றுப் பாதையில் இருந்து தொடங்குங்கள். வண்டியின் முன்னால் நின்று பார்த்தால் கூலரின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் சுத்தமாகவே தெரியும்; அழுக்கு இருப்பது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் சார்ஜ் ஏர் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய சந்தில். கல்குவாரி, கட்டுமான வேலை, அறுவடை வேலை ஆகியவற்றில் ஓடும் லாரிகளில் அங்கே தூசியும் உமியும் ஆயில் கசிவோடு குழைந்து தடித்த அட்டை போலப் படிந்துவிடும். எஞ்சின் பக்கத்தில் ஒரு கைவிளக்கைப் பிடித்து, முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் ஃபின்கள் வழியே எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்பது அப்போது தெளிவாகத் தெரியும். சுத்தம் செய்யும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, குறைந்த அழுத்தத்தில், ஃபின்களுக்கு நேராகக் காற்றையோ நீரையோ செலுத்த வேண்டும். உயர் அழுத்த நீரைச் சாய்வாகப் பாய்ச்சினால் ஃபின்கள் மடங்கி, பழைய அழுக்கைவிட மோசமான அடைப்பு உண்டாகும்.

பல வண்டிகளில் ஃபேன் கிளட்ச் எஞ்சின் கூலன்ட்டின் சூட்டை வைத்தே பிடிக்கிறது. கூலன்ட் சாதாரணமாக இருந்து, கியர்பாக்ஸ் மட்டும் சூடேறும் மெதுவான வேலைகளில், காற்றால் குளிரும் ஆயில் கூலருக்கு முன்னால் காற்றே அசைவதில்லை. அத்தகைய வண்டியில் கூலரை மாற்றுவதைவிட, கியர்பாக்ஸ் சூட்டுக்கும் ஃபேன் பிடிக்கும்படி இணைப்புக் கொடுப்பதோ கூலருக்குத் தனி மின் ஃபேன் வைப்பதோ மேல். கூலன்ட் அளவு, ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஆயில் ஓட்டம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான உலோகத்தில் அது மிகவும் குறைவான அளவைக் காட்டும் என்பதால், கூலருக்குப் போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் கறுப்பு டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேல் அளவெடுக்க வேண்டும். ஆயில் சூடாக இருக்கும்போது மூன்று விதமான விடைகள் கிடைக்கலாம். போகும் குழாய் சூடாகவும் திரும்பும் குழாய் ஓரளவு குறைந்தும் இருந்தால் கூலர் வேலை செய்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் கொதித்தால் ஆயில் ஓடுகிறது, ஆனால் கூலர் வெப்பத்தை வெளியேற்றவில்லை. காற்றுப் பாதையையோ கூலன்ட் ஓட்டத்தையோ பாருங்கள். சம்பு கொதிக்கும்போது போகும் குழாய் சூடில்லாமல் இருந்தாலோ, திரும்பும் குழாய் கையால் தொடும் அளவுக்கு ஆறிக் கிடந்தாலோ ஓட்டமே இல்லை அல்லது மிகக் குறைவு. மடங்கிய ஹோஸ், உட்சுவர் உரிந்து வால்வு போல அடைக்கும் பழைய ஹோஸ், ஆயிலைக் கூலருக்குள் விடாமல் திருப்பியனுப்பும் நிலையில் திறந்தே சிக்கிக்கொண்ட பைபாஸ் வால்வு, துகளால் அடைந்த கூலர் ஆகியவை அதற்கான காரணங்கள். ஹோஸ் வெளியே புதிதுபோல் இருந்து உள்ளே உரிந்திருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

திரும்பும் குழாயைக் கழற்றி வாளியில் ஆயில் ஓட்டத்தை அளக்கும் முறையும் உண்டு. கொதிக்கும் ஆயில் பீய்ச்சி அடிக்கும் வேலை அது. உரிய பொருத்திகளும் தயாரிப்பாளர் கொடுத்த ஓட்ட அளவும் கையில் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

உள்ளே வழுக்கல் இருக்கிறதா

கூலர் பக்கம் சரி என்று தெரிந்தபின்தான் கியர்பாக்ஸின் உட்புறத்தைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் லாக்-அப். நல்ல சாலையில் உயர் கியரில் ஒரே வேகத்தில் ஓடும்போது ஆக்சிலேட்டரை லேசாகக் கூட்டிப் பாருங்கள். லாக்-அப் பிடித்திருந்தால் எஞ்சின் வேகமும் வண்டி வேகமும் சேர்ந்தே ஏறும். பிடிக்காவிட்டால் வண்டி வேகம் மாறுமுன்பே ஆர்பிஎம் மட்டும் துள்ளும். ஸ்கேனர் இருந்தால் எஞ்சின் வேகத்தையும் டர்பைன் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லாக்-அப் பிடித்த நிலையில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். லாக்-அப் பிடிக்காத லாரி ஓட்டுவதற்கு வேறு எந்தக் குறையும் காட்டாமல், டீசலையும் ஆயிலையும் மட்டும் சத்தமின்றித் தின்றுகொண்டிருக்கும்.

கன்வர்ட்டருக்குள் இருக்கும் ஸ்டேட்டர் ஒரு பக்கம் மட்டும் சுழலும் கிளட்சின் மேல் அமர்ந்திருக்கிறது. அது இரு பக்கமும் சுழலத் தொடங்கினால் வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பத் திணறும். இறுகிவிட்டால் கிளம்புவதில் குறை தெரியாது, வேகம் எடுக்கும்போது வண்டி மந்தமாகி ஆயில் சூடேறும். நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டாலும் சூடு எளிதில் இறங்காது.

பிரேக்கைப் பிடித்து வண்டியை அசையவிடாமல், கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து ஆர்பிஎம் பார்க்கும் ஸ்டால் சோதனை இவற்றில் சிலவற்றை ஒரே நேரத்தில் காட்டும்: ஆர்பிஎம் குறிப்பிட்ட அளவைவிட அதிகமானால் கிளட்ச் வழுக்கல், ஓரளவு குறைந்தால் எஞ்சின் திறன் குறைவு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் ஸ்டேட்டர் இரு பக்கமும் சுழலும் கோளாறு. ஆனால் முன்பு பார்த்த கணக்கின்படி சில வினாடிகளில் ஆயிலைக் கொதிக்கவைக்கும் சோதனையும் அதுவே. ஏற்கெனவே சூட்டில் தவிக்கும் கியர்பாக்ஸில் அதைச் செய்யத் துணிவதைவிட, சேவை நூலின் வரம்புகள் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சரி.

கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லும் முன் சக்கரங்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிரேக் முழுமையாக விடாமல் உரசிக்கொண்டிருந்தால் கியர்பாக்ஸ் எந்நேரமும் மேடு ஏறுவது போலவே உழைக்கும். சிறிது தூரம் பிரேக் மிதிக்காமல் ஓட்டி, ஓரங்கட்டி, ஒவ்வொரு டிரம்மின் சூட்டையும் அதே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் அளந்து ஒப்பிட்டால் குற்றவாளி தெரிந்துவிடும்.

ஓட்டும் முறையில் மாற்ற வேண்டியவை

கோளாறு எதுவுமில்லாத கியர்பாக்ஸும் ஓட்டும் விதத்தால் சூடேறும். லோடோடு மேட்டில் காத்திருக்கும்போது வண்டியை ஆக்சிலேட்டரால் பிடித்து நிறுத்துவது மிக மோசமான பழக்கம், பிரேக்கால் பிடியுங்கள். மேட்டில் கணினி மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் தாவினால் கீழ் கியரை நீங்களே தேர்ந்தெடுங்கள். எஞ்சின் சத்தம் கூடும். ஆனால் லாக்-அப் பிடித்தபடி ஏறுவதாலும், வாட்டர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுழல்வதாலும் ஆயில் குளிர்ச்சியாக இருக்கும். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸில் லாக்-அப் கிடையாது என்பதால், லோடோடு நீண்ட தூரம் மேட்டில் பின்னோக்கி ஏற்றும் வேலைகளை வண்டியைத் திருப்பிச் செய்ய முடிந்தால் அப்படியே செய்யுங்கள். இறக்கத்தில் ரிடார்டரைப் பயன்படுத்தும்போதும் கீழ் கியரில் எஞ்சின் வேகத்தைக் கூடுதலாக வைத்திருப்பது கூலன்ட் ஓட்டத்துக்கு உதவும். ஆயில் சூடேற ஏறக் கணினியே ரிடார்டரின் பிடியைக் குறைத்துவிடும் என்பதால், இறக்கம் முழுவதற்கும் அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து.

சூடேறியபின் ஆயில் மாற்றுதல்

ஒருமுறை வரம்பைத் தொட்டு உடனே இறங்கிய ஆயிலை, வாடையும் துகளும் இல்லாவிட்டால், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்த்தபின் மாற்றலாம். கருகிய ஆயிலை ஃபில்டரோடு சேர்த்து மாற்ற வேண்டும். வடிகால் நட்டைத் திறந்தால் சம்பில் உள்ளது மட்டுமே வெளியேறும். கன்வர்ட்டரிலும் கூலரிலும் கணிசமான பங்கு பழைய ஆயில் தங்கிவிடும். எனவே சிறிது ஓட்டத்துக்குப் பின் இரண்டாம் முறை மாற்றுவது வீண் செலவன்று. தயாரிப்பாளர் சொல்லும் தரத்தையே ஊற்றுங்கள். அலிசன் வண்டிகளில் டிஇஎஸ் 295, அதன் இடத்தில் வந்த டிஇஎஸ் 668 போன்ற தரக்குறியீடுகள் ஆயில் டப்பாவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறம் ஒத்திருப்பது தரம் ஒத்திருப்பதற்குச் சான்றாகாது.

உள்ளே கிளட்ச் உடைந்து துகள் பரவிய கியர்பாக்ஸைப் புதுப்பித்திருந்தால், பழைய கூலரைக் கழுவிப் பொருத்தும் சிக்கனம் வேண்டாம். தகடுகளின் மடிப்புகளில் சிக்கிய துகள் கழுவும்போது வராமல், புதுப்பித்த கியர்பாக்ஸுக்குள் பிறகு வந்து சேரும்.

கூடுதல் கூலர் பொருத்துவதானால்

மேற்சொன்ன சோதனைகளில் எந்தக் கோளாறும் தென்படாமல், வேலையின் கடுமை மட்டுமே காரணம் என்று தெரிந்தால், கூடுதல் கூலர் சரியான தீர்வு. குழாயைச் சுற்றி ஃபின் வைத்த வகையைவிட, தகடுகளை அடுக்கிய வகை அதே இடத்தில் அதிக வெப்பத்தை வெளியேற்றும். ஆயில் முதலில் பழைய கூலருக்கும் பிறகு புதிய கூலருக்கும் போய்த் திரும்பும்படி இணைப்பது வழக்கம். ஹோஸின் உள்விட்டம் பழைய குழாயைவிடக் குறையக் கூடாது. டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் அதன் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் என்று குறிக்கப்பட்ட ஹோஸையே வாங்குங்கள். டீசல் ஹோஸும் திருகு கிளாம்பும் இந்த இடத்துக்கு ஆகாது. கூலரை ரேடியேட்டர் ஃபின்கள் வழியே பிளாஸ்டிக் கட்டுகளைக் கோத்துத் தொங்கவிடாமல், சேஸிஸிலிருந்து சட்டம் அமைத்துப் பொருத்துங்கள். அதிர்வில் அந்தக் கட்டுகள் ரேடியேட்டர் குழாயை அறுத்துவிடும். கடுங்குளிரில் ஓடும் வண்டியாக இருந்தால், ஆயில் தேவைக்கு மேல் குளிராமல் இருக்கத் தெர்மோஸ்டாட் பைபாஸும் வேண்டும்.

பொருத்தியபின் புதிய கூலரும் ஹோஸும் கொள்ளும் ஆயிலைச் சேர்த்து, ஓட்டச் சூட்டில் அளவை மறுபடியும் சரிபாருங்கள். பிறகு முன்பு சூடேறிய அதே மேட்டில், அதே லோடோடு, இயன்றவரை அதே வெயிலில் ஓட்டி, அடிவாரத்திலும் உச்சியிலும், நியூட்ரலில் மூன்று நிமிடம் நிறுத்தியபின்னும் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சியில் அளவு வரம்புக்குள் நின்று, நியூட்ரலில் இறங்கினால் வேலை முடிந்தது. கூலரின் இரு குழாய்களுக்கும் இடையே நல்ல வித்தியாசம் இருந்தும் உச்சியில் பழைய அளவே வந்தால், வெளியே இனிச் செய்வதற்கு எதுவுமில்லை. லோடு ஏற்றுவதை நிறுத்திவிட்டு கியர்பாக்ஸைப் பிரிக்கக் கொடுக்க வேண்டியதுதான்.